பழைய கூட்டில் புதிய பிராணன்

1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணினியின் தவிட்டு நிறப் பெட்டிக்குள், பழைய சர்க்யூட் பலகை மாண்டுபோன பின்னர், உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினிப் பலகை ஒன்றைப் பொருத்தி அதற்குப் பிராணப் பிரதிஷ்டை செய்கிறவர்களின் சிரத்தை மிகவும் ரசிக்கத்தக்கது. புதிய பலகையை உள்ளே வைப்பது அற்ப காரியம்; வித்தையெல்லாம் விசைப்பலகையில்தான் இருக்கிறது. விசைகள் 8 நிரை, 8 நிரல் என்று பின்னிய கம்பி வலையில் அமைந்திருக்க, ரெஸ்டோர் விசை மட்டும் அதில் சேராமல் தனிக் கம்பியில் நிற்பதால், ஒவ்வோர் அழுத்தத்தையும் உணர்ந்து யூஎஸ்பி பாஷையில் சொல்லும் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றை இடையே அமர்த்தி, ஷிப்ட் லாக் விசை அழுந்தியபடியே நிற்கும் அந்தப் பழைய சுகத்தையும் காப்பாற்றிவிடுகிறார்கள். பெட்டியில் புதிதாக ஒரு துளையும் இடாமல், முன்பிருந்த துவாரங்களின் வழியே கம்பிகளைக் கொண்டுவருவதே உத்தமமான வேலை. இன்னும் இயங்குகிற கணினியை மட்டும் தயவுசெய்து இதற்காகப் பிரித்துவிடாதீர்கள்.