நூறு சனிக்கிழமைகள்

மெல்பேர்ணின் பொயிண்ட் குக்கிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் வெரிபி சவுத். சாலையின் இரு கரையிலும் பூக்கோவா, புரொக்கோலி, லெட்டஸ். விக்டோரியா மாநிலத்தில் விளையும் மரக்கறியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இந்தச் சிறிய நிலப்பரப்பிலிருந்துதான் வருகிறது. பூக்கோவாவில் மிகப் பெரும் பங்கு இங்கேதான். ஆனாலும் பொயிண்ட் குக்கில் குடியிருப்பவர் அந்தப் பூக்கோவாவைப் பெரும்பாலும் அங்கே வாங்குவதில்லை. அது லொறி ஏறி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி எப்பிங்கில் இருக்கும் மொத்தச் சந்தைக்கோ, சுப்பர்மார்க்கட் ஒன்றின் விநியோக மையத்துக்கோ போய், பிளாஸ்டிக் உறையும் விலைச்சீட்டும் வாங்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து நம் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் நாம் அதைத் தொட்டுப் பார்க்கிறோம்.

இதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். நடுவில் நிற்பவரை விலக்கிவிட்டால் தோட்டக்காரருக்கும் நல்லது, நமக்கும் நல்லது. விவசாயச் சந்தை, தோட்டத்து வாசல் கடை, வாராந்தப் பெட்டி என்று மெல்பேர்ணில் கடந்த இருபது ஆண்டுகளாக வளர்ந்திருக்கும் நேரடி விற்பனை முழுவதும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. எண்ணம் நல்லது. கணக்குத்தான் பாதியில் நின்றுவிடுகிறது.

இடைத்தரகர் மீது தோட்டக்காரருக்கு இருக்கும் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் தோட்டக்காரரின் மரக்கறியை நிறுக்கும்போது நூற்றுக்குப் பத்து வீதம் 'கழிவு' என்று வெட்டும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நூறு கிலோ கத்தரிக்காய் கொண்டுபோனவருக்குத் தொண்ணூறு கிலோவுக்குத்தான் காசு. வாடும், நசியும், அழுகும் என்பது வியாபாரி சொல்லும் நியாயம். அன்று விடியற்காலை பிடுங்கிய காய்க்கும் அதே வெட்டுத்தான். அதை நிறுத்தச் சொல்லித் தோட்டக்காரர்கள் கேட்டுக் களைத்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் இதே நோய்க்கு வேறு உருவம் இருந்தது. மொத்த வியாபாரி தன்னை முகவர் என்கிறாரா, சொந்தமாக வாங்கி விற்பவர் என்கிறாரா என்பதே தெளிவில்லாமல், சரக்கு விற்று முடிந்த பிறகு ஒரு விலையைச் சொல்லி அனுப்புவார். 2007இல் வந்த தோட்டக்கலைத் துறை நடத்தைவிதி அதைத்தான் குறிவைத்தது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், முகவரா வணிகரா என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும், விலை எப்படித் தீரும் என்பது தோட்டக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டும். 2017இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆனால் தோட்டக்காரர் நேரே சுப்பர்மார்க்கட்டுக்கு விற்றால் அந்த விதி பொருந்தாது. பெரிய மீன் தப்பிப்போகும் கண்ணி அது.

இனிக் கணக்கு. விலைகளை நானே வைத்துக்கொள்கிறேன். கூட்டிக் குறைத்துப் பார்ப்பவர் பார்க்கட்டும். மொத்த வியாபாரி ஒரு பூக்கோவாவுக்கு ஒன்றரை டொலர் தருகிறார். சனிக்கிழமைச் சந்தையில் அதே பூ நான்கு டொலருக்குப் போகிறது. ஒரு காலையில் இருநூறு விற்றால் மேலதிகமாகக் கையில் வருவது 500 டொலர். அதற்காக இரண்டு பேர் விடிய நான்கு மணிக்கு எழும்பி ஏற்றி, மேசை விரித்து, விற்று, மிச்சத்தை ஏற்றிக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். இருபது மணி நேர வேலை. 2025 ஜூலையில் நாட்டின் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 24.95 டொலர் ஆனது; தற்காலிக வேலையாளுக்குரிய 25 வீத மேலதிகத்தைச் சேர்த்தால் 31 டொலரைத் தாண்டும். அந்த இருவருக்கும் கூலி கொடுப்பதானால் 620 டொலருக்கு மேல். சந்தை இட வாடகை, டீசல், விற்காமல் திரும்பிய பூ எல்லாம் இதற்கு வெளியே.

ஆக, தோட்டக்காரர் 'இலாபம்' என்று எண்ணுவது, இடைத்தரகரின் வேலையைத் தானே செய்ததற்கான கூலி. அதுவும் குறைந்த கூலி. கூலி வாங்காத மனைவியும் பிள்ளைகளும் மேசைக்குப் பின்னால் நிற்பதால்தான் பல கடைகளில் கணக்கு இலாபமாகத் தெரிகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கோபப்படுகிறவர்களில் மேசைக்குப் பின்னால் நிற்கும் மனைவிமார் குறைவு.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அது இதைவிடக் கடுமையானது. ஒரு ஹெக்டேயரில் ஏறத்தாழ இருபதாயிரம் பூக்கோவா நிற்கும். பூ முற்றினால் காத்திருக்காது. வெயில் பட்டால் மஞ்சளிக்கும், இரண்டு மூன்று நாள் தவறினால் இதழ் விரிந்து மணல் மணலாகப் போய்விடும். பிறகு மாட்டுக்குத்தான். வாரம் இருநூறு வீதம் சனிக்கிழமைச் சந்தையில் விற்றுத் தீர்க்க ஒரு ஹெக்டேயருக்கு நூறு சனிக்கிழமைகள் வேண்டும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் வெட்டி, குளிரூட்டி, ஏற்றி அனுப்ப ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அந்த ஒருவர்தான் நாம் விலக்கிவிட நினைக்கும் இடைத்தரகர்.

தமிழ்நாட்டின் உழவர் சந்தை இந்தக் கணக்கை வேறு வழியில் அவிழ்க்கப் பார்த்தது. 1999 நவம்பர் 14ஆம் திகதி மதுரை அண்ணா நகரில் முதலாவது சந்தை திறக்கப்பட்டது. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 வீதம் கூடுதலாக உழவருக்கு, சில்லறை விலையைவிட 15 வீதம் குறைவாக வாங்குபவருக்கு என்பது விலைக்கு வைத்த அளவு. கடைக்கு வாடகை இல்லை. தராசும் அங்கேயே கொடுத்தார்கள். மூட்டையோடு பஸ்ஸில் ஏறி வர வழி செய்தார்கள். இடைத்தரகர் செய்த வேலையின் செலவு மாயமாகிவிடவில்லை. அதை அரசு ஏற்றுக்கொண்டது. அதனால் ஆட்சி மாறியபோது சந்தைகளும் வாடின, ஆட்சி திரும்பியபோது மீண்டும் துளிர்த்தன. உழவர் அட்டை வைத்திருப்பவர் உண்மையில் உழவர்தானா, அல்லது மொத்தச் சந்தையில் வாங்கி வந்து விற்கும் வியாபாரியா என்ற தலைவலி ஆரம்பம் முதல் உண்டு. மெல்பேர்ணிலும் அதே தலைவலிதான். விக்டோரிய விவசாயச் சந்தைகளில் விற்பவர் விளைவித்தவர்தான் என்று சான்று கொடுக்கும் ஏற்பாடு வரவேண்டியிருந்ததே அதனால்தான். சான்று இல்லாத வாராந்தச் சந்தைகளில் 'பண்ணைப் புதுசு' என்ற பலகைக்குக் கீழே எப்பிங் பெட்டி இருப்பதைப் பார்க்கக் கூரிய கண் தேவையில்லை. பெட்டியின் பக்கவாட்டை வாசித்தால் போதும்.

நேரடி விற்பனையே வீண் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப் பொருந்தும் பயிரும் பொருந்தும் குடும்பமும் உண்டு. இருபது வகையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுபவருக்கு அதே இருபது மணி நேர உழைப்பு கூடுதல் பணம் தரும். வாங்க வருகிறவர் ஒரு பூக்கோவாவோடு நிற்பதில்லை, கீரை, கொத்தமல்லி, பூசணி என்று பை நிறைத்துப் போகிறார். சுப்பர்மார்க்கட்டின் அளவுகோலுக்குள் அடங்காத காய்க்கும் நேரடிக் கடைதான் புகலிடம். பூ கொஞ்சம் பெரிது, கொஞ்சம் மஞ்சள் என்று தள்ளிவிடப்பட்டதைச் சமைத்தால் நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. வெரிபி சவுத்தில் தோட்டத்து வாசல்களில் இருக்கும் சின்னக் கொட்டில் கடைகள் இதைத்தான் செய்கின்றன. ஒரு பலகை, அதில் சோக்கட்டியால் எழுதிய விலை, காசு போட ஒரு பெட்டி. நிற்க ஆள் இல்லை, ஆகவே கூலியும் இல்லை. நேரடி விற்பனையில் என் கணக்குக்கு முழுதாகத் தாக்குப்பிடிக்கும் வடிவம் இது ஒன்றுதான். காசு போடாமல் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், என்றாலும் சனிக்கிழமைக் கூலியைவிட அது மலிவு.

பருவத் தொடக்கத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு வாராவாரம் பெட்டி வாங்கும் முறை இன்னொன்று. விதைக்கும்போது கையில் காசு இருப்பது சிறு தோட்டக்காரருக்கு என்ன என்பதை, சீட்டுப் பிடித்து உரம் வாங்கிய வீட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் பெட்டியில் வருவதைச் சமைக்கவேண்டும். நம்மவர் இங்கேதான் கழன்றுகொள்கிறோம். மூன்று வாரம் தொடர்ந்து கேல் கீரை வந்தால் நான்காவது வாரம் ஆளைக் காணோம். நமக்கு வேண்டியது வெண்டி, பாகல், பயற்றங்காய். அவை குளிர்மாதங்களில் வருவது டார்வினுக்குப் பக்கத்தில் வியட்நாமியக் குடும்பங்கள் செய்யும் தோட்டங்களிலிருந்து. மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரும் அந்த வெண்டிக்காய்க்கு இடையில் ஆள் இல்லாமல் முடியாது. உள்ளூர்ச் சிறு தோட்டத்தைப் பற்றி நம் கூட்டங்களில் உருக்கமாகப் பேசுகிறவர்களின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இந்த முரண் நன்றாகத் தெரியும்.

யாழ்ப்பாணத்தின் அனுபவம் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். பரப்புக் கணக்கில் நிலம் வைத்துக் கிணற்று நீர் இறைத்தவர்கள் 1970களின் முற்பாதியில் மிளகாயிலும் வெங்காயத்திலும் கல்வீடு கட்டினார்கள். அப்போதும் இடைத்தரகர் இருந்தார், லொறிக்காரர் இருந்தார், கொழும்பில் கொமிசன் கடையும் இருந்தது. மாறியிருந்தது ஒன்றுதான்: இலங்கையின் சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தது. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அதே தோட்டக்காரர், அதே நிலம், அதே உழைப்பு, விலை மட்டும் கீழே. அந்தக் கட்டுப்பாட்டால் நகரத்து ஏழைக்கு மிளகாய் எட்டாக்கனியானது என்பதும் உண்மை. சிறு தோட்டத்தின் வருமானத்தைத் தீர்மானிப்பது யார் விற்கிறார் என்பதைவிட, விலையை அசைக்கும் பலம் யார் கையில் இருக்கிறது என்பதே.

அவுஸ்திரேலியாவில் அந்தப் பலம் எங்கே இருக்கிறது என்பதில் ஐயம் இல்லை. வூல்வேர்த்சும் கோல்சும் சேர்ந்து நாட்டின் சுப்பர்மார்க்கட் விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கை வைத்திருக்கின்றன. போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட இறுதி அறிக்கை, பச்சை மரக்கறி விற்பவர்களின் நிலையை விரிவாகவே பேசியது. வாரம்தோறும் விலை கேட்பார்கள். தோட்டக்காரர் தன் விலையைச் சொல்லுவார், மற்றவர் என்ன சொன்னார் என்பது வாங்குபவருக்கு மட்டுமே தெரியும். இத்தனை வேண்டியிருக்கும் என்று முன்கூட்டிச் சொன்ன அளவை நம்பி நட்டு வைத்தால், வெட்டும் வாரத்தில் அளவு குறையலாம். அழுகும் பொருளை வைத்திருப்பவர் பேரம் பேச முடியாது. 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து உணவு, பலசரக்கு நடத்தைவிதி பெரிய சுப்பர்மார்க்கட்டுகளுக்குக் கட்டாயமாகி, மீறினால் கோடிக்கணக்கில் தண்டம் என்றாகியிருக்கிறது. விவசாயச் சந்தையில் ஆயிரம் கடை போடுவதைவிட இந்த விதி ஒழுங்காக நடைமுறையாவது வெரிபி பூக்கோவாவுக்கு அதிகம் செய்யும் என்று நினைக்கிறேன். முறைப்பாடு செய்தால் அடுத்த வாரம் அழைப்பு வராது என்ற பயம் தோட்டக்காரருக்கு இருக்கும்வரை அதுவும் அரைகுறைதான்.

நேரடி விற்பனையின் பக்கத்தில் ஒரு பெரிய நியாயம் மிஞ்சுகிறது. அது விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. சந்தையில் நான்கு டொலருக்கு மக்கள் வாங்குகிறார்கள் என்று கண்ணால் கண்ட தோட்டக்காரர், ஒன்றரை டொலர் என்று தொலைபேசியில் கேட்கும்போது வேறு குரலில் பதில் சொல்லுவார். உழவர் சந்தை திறந்த ஊர்களில் அதைச் சுற்றியுள்ள கடைக்காரர்களும் அதன் விலைப்பலகையைப் பார்த்துத்தான் விலை வைக்கவேண்டியிருந்தது. விளைச்சலில் சிறுபங்கை மட்டும் நேரடியாக விற்றாலும் இந்தப் பலன் கிடைக்கும். முழுவதையும் அப்படி விற்கப்போய்த்தான் குடும்பம் களைத்துப்போகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது நிலம். பொயிண்ட் குக் முப்பது ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் மேய்ச்சல் தரை. உப்பளம் இருந்த இடத்தில் இன்று சாங்சுவரி லேக்ஸ் வீடுகள். 2021 குடிசன மதிப்பில் பொயிண்ட் குக்கில் 66 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். வெரிபி சவுத் தப்பியிருப்பது நகரம் பரவாமல் வேலி போட்ட பசுமை வலயச் சட்டத்தாலும், வறட்சிக்காலத்தில் 2005இலிருந்து கிடைக்கத் தொடங்கிய சுத்திகரித்த நீராலும். மெல்பேர்ணின் கழிவுநீரில் பாதியளவைச் சுத்திகரிக்கும் நிலையம் பக்கத்திலேயே இருப்பது அந்தத் தோட்டங்களின் அதிர்ஷ்டம். நீரில் உப்பு கூடியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை. நகரம் இப்போதைய போக்கில் பரவினால், மெல்பேர்ணின் உணவுத் தேவையில் 41 வீதத்தைத் தரும் சுற்றுவட்ட நிலங்கள் 2050இல் 18 வீதத்தையே தரக்கூடும் என்று மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வொன்று கணித்தது.

இதில் தோட்டக்காரரே இரண்டு மனமாக நிற்கிறார். மரக்கறி செய்பவராக அவருக்கு வேலி வேண்டும். பக்கத்தில் வீடு வந்தால் உழவு இயந்திரச் சத்தம், எரு நாற்றம், மருந்தடிப்பு எல்லாவற்றுக்கும் நகரசபைக்கு முறைப்பாடு போகும். நிலச் சொந்தக்காரராக அவருக்கு வேலி வேண்டாம். வீட்டுமனையாக மாற்ற அனுமதி வந்தால், பூக்கோவா ஒரு ஆயுளில் தராததை நிலம் ஒரு கையெழுத்தில் தந்துவிடும். பல குடும்பங்களில் முதுமைக்கான சேமிப்பு அந்த நிலம் ஒன்றுதான். பிள்ளைகள் கணக்காளர்களாகவும் பொறியியலாளர்களாகவும் பொயிண்ட் குக் போன்ற இடங்களில் வீடு வாங்கியிருக்கிறார்கள். அவர்களின் பாகத்தை எப்படிப் பிரிப்பது என்று அப்பா யோசிக்கும் இரவில், சனிக்கிழமைச் சந்தையில் பூக்கோவா என்ன விலைக்குப் போனது என்ற கேள்விக்கு இடமே இல்லை.