பிஸ்கோத்து நூலுக்கும் இலக்கணம் உண்டு

ஆசிரியர் அருகில் இல்லாத வேளையில் அவர் செய்ய வேண்டிய தொழிலைத் தான் செய்வதே நூல். இவ்விலக்கணம் செய்யுளுக்கும் கணிதத்துக்கும் மட்டும் உரியதன்று. சமையல் நூலுக்கும் உரியது. பிஸ்கோத்து நூலுக்கோ இன்னும் பொருந்தும். குழம்பு கொதிக்கும்போது ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சுவைத்து உப்பைக் கூட்டலாம். புளிப்பு மிகுந்தால் நீர் விட்டுத் தணிக்கலாம். ஓவனுக்குள் சென்றுவிட்ட பிஸ்கோத்தைத் திருத்த வழியே இல்லை. அங்கே தாயின் நாவும் பாட்டியின் அனுபவமும் துணைக்கு வாரா. நூல் சொன்ன சொல் ஒன்றே துணை.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இல்லங்களில் தீபாவளித் தட்டில் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் அருகே பிஸ்கோத்தும் இடம் பெற்று நெடுங்காலம் ஆயிற்று. புதிதாகக் கற்கும் பெண் ஒரு நூலை வாங்குகிறாள்; வெண்ணெயும் சீனியும் வாங்குகிறாள்; நூல் சொன்னபடியே செய்கிறாள். தட்டில் பிஸ்கோத்துகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அப்போது வீட்டார் நூலைப் பழிப்பதில்லை. “உனக்குக் கைராசி இல்லை” என்கிறார்கள். நூலின் குற்றம் கையின் குற்றமாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அவள் மாவைத் தொடுவதில்லை. ஆதலின் நல்ல நூலைத் தேர்வது வெறும் பொழுதுபோக்கன்று. முயல்வோரின் தன்னம்பிக்கையைக் காக்கும் செயலாகும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்களையும் அழகுகளையும் பத்துப் பத்தாக வகுத்துரைத்தார். அவற்றுள் சிலவற்றை உரைகல்லாகக் கொண்டாலே பிஸ்கோத்து நூல்களின் தரம் விளங்கிவிடும்.

அளவை

முதற்குற்றம் குன்றக் கூறல். “மாவு ஒரு கோப்பை” என்று எழுதிவிடுவது எளிது. எந்தக் கோப்பை? அமெரிக்கக் கோப்பை ஏறக்குறைய 237 மில்லி லிட்டர் கொள்ளும். ஆஸ்திரேலியக் கோப்பை 250 மில்லி லிட்டர். மேசைக்கரண்டியும் அவ்வாறே, அமெரிக்காவில் 15 மில்லி லிட்டர், ஆஸ்திரேலியாவில் 20.

கோப்பை ஒன்றேயாயினும் அள்ளும் முறை வேறுபடும். மாவைக் கரண்டியால் மெல்ல இட்டு மேலே மட்டம் செய்தால் ஒரு கோப்பை சுமார் 120 கிராம் நிற்கும். கோப்பையை மாவுப் பைக்குள் அழுத்தி அள்ளினால் 140 கிராமையும் தாண்டும். மூன்று கோப்பை மாவு கேட்கும் பக்குவத்தில் இவ்வேறுபாடு 60 கிராம், அதாவது அரைக் கோப்பை மாவு. ஒருத்திக்குக் கல்லாகவும் மற்றொருத்திக்குக் களியாகவும் ஆவது இதனாலேயே.

மலாய்க்காரரும் நோன்யாக்களும் கண்ணளவை ‘ஆகாக் ஆகாக்’ என்பர். அது பழகிய கைக்குப் பெருமை. ஆனால் அச்சில் ஏறிய நூலுக்கு இழுக்கு. பாஸ்டன் சமையற்பள்ளியைச் சார்ந்த ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட நூலில் கோப்பையையும் கரண்டியையும் மட்டம் செய்தே அளக்க வேண்டும் என வற்புறுத்தினார். அஃது அக்காலத்துக்குப் பெரும் முன்னேற்றமே. எனினும் கோப்பை கோப்பையாகவே இருந்தது. ரோஸ் லீவி பெரன்பாம் 1988இல் வெளியிட்ட கேக் நூலில் ஒவ்வொரு பொருளின் எடையையும் அட்டவணையிட்டுக் காட்டினார். நூலைத் தேர்வோர் முதலில் தேட வேண்டியது இவ்வெடைக் கணக்கையே. கிராம் கணக்கு இல்லாத நூலில் எத்துணை அழகிய படங்கள் இருப்பினும் பயன் சிறிதே.

பெயர்

இரண்டாவது மயங்க வைத்தல். தமிழில் எழுதப்பெறும் நூல்களில் இக்குற்றம் எளிதில் நுழைந்துவிடும். தமிழகத்து நூலில் ‘கோதுமை மாவு’ என்றால் சப்பாத்திக்குரிய, தவிடு நீங்காத மாவு. வெள்ளை மாவுக்கு அங்கே ‘மைதா’ என்று பெயர். மலேசியக் கடையிலோ கோதுமை மாவு என்று கேட்டால் கிடைப்பது அந்த வெள்ளை மாவே. சப்பாத்தி மாவை ஆட்டா என்பர். கடல் கடந்த நூல் ஒன்று கோதுமை மாவு என்று சொல்லி விளக்காமல் விட்டால் வாங்குவோர் மயங்குவர்.

ஆப்பச் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பின்னது சோடாவோடு புளிப்புப் பொருளும் சேர்ந்த கலவை. சோடாவின் வலிமை அதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. ஒன்றுக்கு மற்றொன்றை அதே அளவில் இட்டால் பிஸ்கோத்தில் சவர்க்காரச் சுவை ஏறும், அல்லது அது எழும்பாமலே கிடக்கும்.

‘வெண்ணெய் அல்லது நெய்’ என்று ஒரே அளவைக் குறிக்கும் நூலையும் ஐயுற வேண்டும். வெண்ணெயில் ஏறக்குறைய 80 விழுக்காடே கொழுப்பு. எஞ்சியது பெரும்பாலும் நீர். நெய்யோ முழுவதும் கொழுப்பு. இரண்டையும் ஒன்றாகக் கருதும் ஆசிரியர் இரண்டிலும் செய்து பார்த்தவராக இருத்தல் அரிது.

காலமும் குறியும்

“15 நிமிடம் சுடுக” என்பது பாதி வாக்கியமே. உருண்டை எத்துணைப் பெரிது, எத்துணைத் தடிப்பு, தட்டில் எவ்வளவு இடைவெளி, மொத்தம் எத்தனை கிடைக்கும் என்பன மற்றப் பாதி. நூல் 40 என்று கூற, கையில் 24 தேறினால் உருண்டை பெரிதாகிவிட்டது என்பது வெளிப்படை. அதற்கு நூல் கூறிய நிமிடம் பொருந்தாது. வெப்பத்தை ஃபாரன்ஹீட் 350 என்று மட்டும் கூறினால் போதாது. அது செல்சியஸில் சுமார் 177 என்பதையும், காற்றாடி சுழலும் ஓவனில் 20 பாகை குறைக்க வேண்டும் என்பதையும் சொல்வதே முழுமை.

கடிகாரத்தினும் சிறந்தது குறி. விளிம்பு பொன்னிறமாகி நடுப்பகுதி மென்மையாக இருக்கும்போதே எடுக்க வேண்டிய வகைகள் பல. ஆறும்போது அவை தாமே இறுகும். இதைச் சொல்லாத நூலை நம்பியவர், உள்ளேயே இறுகட்டும் என்று காத்திருந்து கருக்கிவிடுவார். ஆலிஸ் மெட்ரிக் 2010இல் வெளியிட்ட பிஸ்கோத்து நூல், மொறுமொறுப்பு, மென்மை, வாயில் கரைதல் எனப் பதத்தையே இயலாக வகுத்தது. முடிவு எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்த மாணவர், இடையில் நேரும் தவற்றைத் தாமே கண்டுகொள்வார்.

இடம்

குளிர்நாட்டு நூல்கள் ‘அறை வெப்பத்தில் வெண்ணெய்’ என்னும்போது 20 பாகையளவைக் கருதுகின்றன. ஈப்போவிலோ கிள்ளானிலோ நண்பகலில் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். அங்கே வெண்ணெய் குழையாமல் எண்ணெயாகக் கசியும், சீனியோடு அடித்தாலும் காற்றைப் பிடித்து வைக்காது, தட்டில் பரந்துவிடும். பிசைந்த மாவை அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். இவ்வொரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது, நூல் இந்நாட்டுக்கு உதவுமா என்பதற்குத் தக்க சோதனை. ஆறியவுடன் காற்றுப்புகாத டின்னில் அடைக்கச் சொல்வதும் ஈரம் மிகுந்த நாட்டில் இன்றியமையாதது.

இம்மண்ணில் இருந்துகொண்டு எழுதியவர்களும் உண்டு. சிங்கப்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த எல்லிஸ் ஹேண்டி, 1952இல் சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். அது பல பதிப்புகள் கண்டது. உள்ளூர் அடுக்களையை அறிந்தவர் எழுதிய நூலை மக்கள் தலைமுறை கடந்தும் தேடுவர் என்பதற்கு அது சான்று.

தேர்வு

மிகைபடக் கூறலும் குற்றமே. 300 வகை என்று அட்டையில் முழங்கும் நூலைப் புரட்டினால், ஒரே மாவின் மேல் முந்திரியை மாற்றிச் செர்ரி வைத்த வேறுபாடுகளே பல. நான்கைந்து தாய் மாவுகளை ஏன், எதற்கு என்ற காரணத்தோடு கற்பிக்கும் மெல்லிய நூல் அதனினும் மேலானது.

கடையில் நின்றே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. வெண்ணெய்ப் பிஸ்கோத்துக்கு எடையில் சீனி ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு என்பது நெடுநாள் வழங்கிவரும் வாய்பாடு. நூலில் உள்ள எளிய பக்குவம் இதனின்று சிறிது விலகலாம். காரணம் கூறாமல் வெகுதூரம் விலகினால் நூலை அங்கேயே வைத்துவிடுதல் நன்று. வாங்கிய பின்னும் பண்டிகை வரை காத்திராமல், ஒரு பக்குவத்தைப் பாதி அளவில், எதையும் மாற்றாமல் ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். எதையாவது மாற்றிச் செய்தால் நூலைத் தேர்ந்ததாகாது.

அவ்வாறு செய்தும் பிஸ்கோத்து பரந்து உருகினால், அடுக்களையில் நிற்கும் பெண்ணிடம் கைராசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டார் நூலைத் திறந்து பார்ப்பாராக. எடை இல்லையா, பெயர் மயங்கியதா, குறி கூறவில்லையா எனக் கேட்பாராக. தக்க நூல் வாய்த்த கைக்கு ராசி தானே வந்து சேரும்.