வீரத்துக்கு யார் எழுவாய்?

லத்தீனில் ‘விர்தூஸ்’ என்று ஒரு வார்த்தை. ‘விர்’ என்றால் ஆண். ‘விர்தூஸ்’ ஆண்மை, வீரம். இங்கிலீஷ்காரர்கள் இதிலிருந்து வந்த ‘வர்ச்சூ’வை நற்குணம் என்று சாதுவாக்கிவிட்டார்கள். சம்ஸ்கிருத ‘வீர’வுக்கும் ‘விர்’ருக்கும் மூலம் ஒன்றே. ஆகவே நாம் கடன் வாங்கிய ‘வீரம்’ இதற்குத் தூரத்து உறவு. (நம் சொந்தச் சரக்கு ‘மறம்’.)

இரண்டுக்கும் வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள். வீரம், வீரத்தை, வீரத்தால், வீரத்துக்கு. எழுவாயில் இல்லாத ‘த்து’ வந்து ஒட்டிக்கொள்கிறது. சாரியை என்பார் தமிழய்யா. லத்தீனில் அதே வரிசையில் விர்தூஸ், விர்தூதெம், விர்தூதே, விர்தூதி. அங்கேயும் எழுவாயில் காணாத ஒரு ‘த்’! தற்செயல்தான். அவர்களுடையது சொல்லின் அடியிலேயே இருப்பது, எழுவாயில் மட்டும் ஒளிந்துகொள்கிறது. லத்தீன் தமிழிலிருந்து வந்தது என்று தயவுசெய்து கடிதம் போடாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஆண்மை என்ற இந்தச் சொல் லத்தீன் இலக்கணத்தில் பெண்பால். ரோமானிய நாணயங்களில் விர்தூஸ், தலைக்கவசம் போட்ட பெண்ணாக நிற்கிறாள். தமிழில் வீரம் அஃறிணை. வம்பில்லை.

ஆனால் வீரத்தைப் பெண்பாலாக்கியவர் நம்மிடமும் உண்டு. ஒக்கூர் மாசாத்தியார். சிவகங்கைச் சீமையில் உள்ள ஒக்கூர்தான் அவர் ஊர் என்பார்கள். சங்கத் தொகையில் அவர் பாட்டு எட்டு. ஏழு அகம். ஒன்றே ஒன்று புறம், புறநானூறு 279.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். முந்தைய போரில் அவள் பிறந்த வீட்டு ஆண் ஒருவர் யானையை வீழ்த்திவிட்டு விழுந்தார். நேற்று புருஷன். இன்று பறை கேட்கிறது. இருக்கிற ஒரே பையன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள்.

மேடைகளில் இதை ‘வீரத்தாய்’ என்று கைதட்டலுக்குப் பயன்படுத்துகிறோம். பாட்டைப் பாருங்கள். பேசுகிறவர், இவள் மனசு நாசமாகப் போக என்றுதான் ஆரம்பிக்கிறார். பழிப்பது போலப் புகழ்வது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அதில் பாதி நிஜமான திகிலாகவே படுகிறது. பறை கேட்டவளுக்கு ஆசையும் வருகிறது, மயக்கமும் வருகிறது. வெள்ளைத் துணி உடுத்துகிறாள். பரட்டைக் குடுமிக்கு எண்ணெய் தடவுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற அம்மா செய்கிற காரியம்!

வீட்டு ஆண்கள் வீரத்தால் செத்தார்கள். பையனை வீரத்துக்குக் கொடுத்தாயிற்று. வாக்கியத்தின் எழுவாயாக மிஞ்சுகிறவள் அவள் ஒருத்திதான்.

அடுத்த முறை யாராவது மேடையில் இந்தத் தாயை உதாரணம் காட்டினால், அந்த எண்ணெயைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.