கஸலில் வரும் ‘அவர்’ யார்?

உருதுக் கஸல் பற்றிப் பேச்சு வந்தால் எங்கட ஆக்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “இது அல்லாஹ்வைப் பற்றின பாட்டா, பொம்புளையைப் பற்றின பாட்டா?” முதலாவது என்றால் மனசுக்கு நிம்மதி. இரண்டாவது என்றால் புத்தகத்தை மூடிவிடலாம். கேள்வி நியாயமானதுதான். இஷ்கே ஹகீகி, இஷ்கே மஜாஸி, அதாவது இறைவன் மீதான மெய்க்காதல், மனிதர் மீதான காதல் என்று உருது மரபே இரண்டு பெயர் வைத்திருக்கிறது. ஆனால் கஸல் அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் இருப்பதற்கென்றே கட்டப்பட்ட வடிவம் என்பது என் எண்ணம்.

வடிவத்தை முதலில் பார்ப்போம். கஸலின் அலகு ஷேர் எனப்படும் ஈரடி. முதல் ஈரடியில் இரண்டு அடிகளும், பிறகு வருவனவற்றில் இரண்டாம் அடி மட்டும், பெரும்பாலும் ஒரே சொல்லில் முடியும். அது ரதீஃப். அதற்கு முன்னால் வரும் ஒலியொப்பு காஃபியா. இயைபுத் தொடை படித்தவர்களுக்கு இது இலேசாக விளங்கும். ஒவ்வொரு ஷேரும் தனித்து நிற்கும். ஒன்றில் மதுச்சாலை வரும், அடுத்ததில் மரணம் வரும், அதற்கடுத்ததில் ஒரு தெருவில் காத்திருப்பு. தொடர்ந்து ஓடும் கதை இல்லாதபடியால், ‘அவர்’ யாரென்று பிடிக்கத் தடயமும் கிடைக்காது.

இலக்கணமும் இதற்குத் துணை போகிறது. பாரசீகத்தின் படர்க்கைப் பெயரில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. உருது வினைமுற்று பால் காட்டும். இருந்தும் கஸல் மரபு காதலிக்கப்படுபவரை ஆண்பாலிலேயே சொல்லி வந்தது. அந்த ஆண்பாலுக்குள் ஒரு பெண்ணும் ஒளிந்திருக்கலாம், ஓர் இளைஞனும் இருக்கலாம், படைத்தவனும் குறிக்கப்படலாம். அகத்திணையில் எவருடைய பெயரையும் சுட்டக் கூடாதென்று தொல்காப்பியர் விதித்தார். ஆனாலும் அங்கே அவன் அவன்தான், அவள் அவள்தான். கஸல் அதையும் சொல்லாது.

நாங்கள் ஹகீகி பக்கம் சாய்வதற்குக் காரணம் இருக்கிறது. காதல் மொழியில் ஞானம் பாடலாம் என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் குணங்குடி மஸ்தான் சாஹிபு. மனோன்மணிக் கண்ணியின் ஈரடிகள் மனோன்மணியை விளித்தே முடிகின்றன; ஏறக்குறைய ஒரு ரதீஃப் மாதிரித்தான். ஆனால் அங்கே மனோன்மணி யாரென்று வாசகன் தடுமாறுவதில்லை. அதை ஞானப்பாடல் என்று தெரிந்தே கையில் எடுக்கிறான். அதே கண்ணாடியோடு எல்லாக் கஸலையும் வாசிக்க ஏலாது.

மீர் தகீ மீரை (1723–1810) எடுப்போம். தந்தை ஒரு தர்வேஷ். காதலைக் கைக்கொள் என்று அவர் தனக்குப் போதித்ததாக மீர் தன் பாரசீகத் தன்வரலாறான ‘ஸிக்ரே மீர்’ நூலில் எழுதுகிறார். இளமையில் சித்தம் கலங்கி, நிலவில் ஓர் அழகிய உருவத்தைக் கண்டதையும் அதே நூலில் எழுதுகிறார். 1739இல் நாதிர் ஷா டில்லியைச் சூறையாடினான். பின்னர் அஹ்மத் ஷா அப்தாலியின் படைகள் வந்தன. கடைசியில், 1782இல், மீர் லக்னோவுக்குப் போய்விட்டார். அவருடைய கஸல்களில் பாழான மனசும் பாழான நகரமும் ஒன்றுக்கொன்று உவமையாகின்றன. இதையெல்லாம் ‘தத்துவம்’ என்று கழுவிவிட்டால் ஒரு மனுஷன் இழந்தது எதுவும் மிஞ்சாது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களைக் கொண்ட சமூகம் நாம். ஊரை இழந்தவன் குரலை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இக்பாலை மேடைக்கு மேடை சொல்கிறோம். அவர் இளம் வயதில் தன் கஸல்களைத் தபாலில் அனுப்பித் திருத்தம் பெற்றது தாக் தெஹ்லவியிடம் (1831–1905). தாக்கின் காதல் முழுக்க மனிதக் காதல். கல்கத்தாவின் தவாயிஃப் ஒருவர் மீது கொண்ட காதலை மஸ்னவியாகவே எழுதி வைத்தவர் அவர். தாக்கை வெட்கப்பட்டு ஒதுக்கினால் இக்பாலின் உஸ்தாதையே ஒதுக்கியதாகும்.

மறுபக்கத்துப் பிழையும் உண்டு. ஹிந்திப் படப்பாட்டு வழியாகக் கஸலுக்கு வருபவர்களுக்கு எல்லாமே காதலன் காதலி சமாச்சாரம். காலிபிடம் (1797–1869) அது எடுபடாது. காதலியோடு போடும் வழக்கும் படைத்தவனோடு போடும் வழக்கும் அவரிடம் ஒரே குரலில் வரும். காலிபின் மாணவரான ஹாலி 1893இல் எழுதிய ‘முகத்தமா’வில் கஸலின் போலிக் காதலைக் கடுமையாகச் சாடினார். ஆனால் கஸலைக் கைவிடச் சொல்லவில்லை. நட்பு, பிள்ளைப் பாசம், நாடு, இறைவன் என்று காதலின் பரப்பை அகட்டத்தான் சொன்னார்.

உருதுவை நான் மொழிபெயர்ப்புகள் வழியாக வாசிப்பவன். ஆகவே மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ‘வந்தாள்’ என்று போட்டால் ஒரு கதவு பூட்டுப்படுகிறது. ‘இறைவா’ என்று போட்டால் மற்றது பூட்டுப்படுகிறது. தமிழில் ‘நீ’ இருக்கிறது, ‘அவர்’ இருக்கிறது. இரண்டும் ஆண் பெண் காட்டாதவை. அவற்றை வைத்தே நிறையச் செய்யலாம்.

பர்வீன் ஷாக்கிர் (1952–1994) விஷயத்தில் சிக்கல் நேர்மாறானது. கஸலில் பேசுபவர் ஆண் என்ற வழக்கத்தை மாற்றி, தன் குரலைப் பெண்பால் வினையிலேயே எழுதியவர் அவர். தமிழில் ‘வந்தேன்’ என்பதற்கு ஆண் பெண் கிடையாது. அப்படியே பெயர்த்தால் அவர் துணிந்து செய்த காரியம் தமிழில் காணாமல் போகும். மீரிடம் மறைந்திருப்பதை மறைவாகவும், பர்வீனிடம் வெளிப்பட்டதை வெளிப்படையாகவும் கொண்டுவரத் தெரிந்தவர்தான் கஸலைத் தமிழுக்குத் தர முடியும். “அல்லாஹ்வா, பொம்புளையா?” என்று கேட்பவருக்கும் அந்த மொழிபெயர்ப்பைத்தான் நான் கையில் கொடுப்பேன்.