தடமும் கதையும்: வனவிலங்கு பற்றிய கணினி விளையாட்டுகள் – ஒரு விமர்சன நோக்கு

கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் 2002ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் ஒரு சிறு ஆய்வுக் குறிப்பினை வெளியிட்டனர். பிரித்தானிய ஆரம்பப் பாடசாலைச் சிறுவர்க்கு இருவகைப் படங்கள் காட்டப்பட்டன. ஒருவகை அந்நாட்டிலே சாதாரணமாகக் காணப்படும் உயிரினங்கள். மற்றையது ‘பொக்கிமோன்’ என்னும் யப்பானிய விளையாட்டில் வரும் கற்பனைப் பிராணிகள். எட்டு வயதுச் சிறுவர் கற்பனைப் பிராணிகளுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கினைப் பெயர்கூறி இனங்கண்டனர். உண்மை உயிரினங்களுள் அரைப்பங்களவினையே அவர்களால் இனங்காண முடிந்தது.

இம்முடிவு இற்றைக் காலச் சிறுவரின் சீர்கேட்டுக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. ஆயின் அதற்கு மறுபக்கமும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட பிராணிகளின் உருவத்தையும் பெயரையும் மனத்திற் பதித்துக்கொள்ளும் ஆற்றல் அச்சிறுவரிடம் இருந்தது. அதற்குத் தீனி போட்டவர் விளையாட்டு வியாபாரிகள், ஆசிரியரல்லர். இன்னொன்றும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1996இல் வெளிவந்த அவ்விளையாட்டினை உருவாக்கிய சத்தோஷி தஜிரி, தமது பிள்ளைப்பிராயத்தில் தோக்கியோவின் புறநகரிலே பூச்சி பிடித்துச் சேகரித்த அனுபவத்திலிருந்தே அக்கற்பனையைப் பெற்றவர். வயல்களும் குளங்களும் கட்டடங்களுக்கு இடங்கொடுத்தபின், பூச்சி போய் விளையாட்டு எஞ்சியது.

கற்பனைப் பிராணிக்குப் பதிலாக உண்மை விலங்கினையே விளையாட்டுக்குள் கொண்டுவரலாமே என்னும் எண்ணம் இப்பின்னணியில் எழுந்ததே. அதற்கான மூலப்பொருளும் கைக்கெட்டியிருந்தது. கழுத்துப் பட்டியிற் பொருத்தப்பட்ட ஜீ.பி.எஸ். கருவிகள் விலங்கு எந்நேரத்தில் எவ்விடத்தில் நின்றதென்பதைச் செய்மதி வழியே அனுப்புகின்றன. காட்டில் நிறுத்தப்பட்ட தானியங்கிக் கமராக்கள் கடந்து செல்வனவற்றைப் படம்பிடிக்கின்றன. இத்தகவல்களைக் கொண்டு விளையாட்டுகளை ஆக்கும் நோக்குடன் கௌதம் ஷா என்பவர் நைரோபியில் ‘இன்ரர்நெற் ஒவ் எலிபன்ற்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அது 2020இல் ‘வைல்டெவேர்ஸ்’ என்னும் கையடக்கத் தொலைபேசி விளையாட்டினையும், அடுத்து ஒக்ஸ்போட் பல்கலைக்கழக வனவிலங்கு ஆய்வுப் பிரிவினருடன் சேர்ந்து ‘அன்சீன் எம்பயர்’ என்பதனையும் வெளியிட்டது.

விளையாட்டை விமர்சனத்துக்குரிய கலைவடிவமாகக் கொள்ளலாமா என்னும் தயக்கம் தமிழ் விமர்சகரிடையே இன்னும் நிலவுகின்றது. ஒரு காலத்தில் நாவலும் பின்னர் சினிமாவும் இதே வாயிலில் காத்து நின்றவையே. ஒரு தலைமுறை தன் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை எக்கதையிற் கழிக்கின்றதோ அக்கதையை ஆராயாது விடுதல் விமர்சனத்தின் கடமையைத் தட்டிக்கழிப்பதாகும்.

‘வைல்டெவேர்ஸ்’ போர்ணியோ, கொங்கோக் காடுகளில் ஆய்வாளரால் உண்மையிலேயே அவதானிக்கப்பட்ட வாலில்லாக் குரங்குகளைப் பாத்திரங்களாகக் கொண்டது. பியோ என்னும் ஒராங்குட்டான் அவற்றுள் ஒன்று. ஆடுபவர் தம் தொலைபேசியின் கமராவினூடே நோக்க, அவரது முற்றத்திலோ தெருவிலோ காடு விரிகின்றது. விலங்கு உடனே தோன்றிவிடுவதில்லை. உண்ட கனி, எச்சம் முதலிய தடயங்களைக் கண்டு ஆராய்ந்தே அதனை அணுகவேண்டும். இவ்வமைப்பு பாராட்டுக்குரியது. ‘இனம்’ என்னும் பொதுப்பெயரை விடுத்து ஒரு தனிவிலங்கின் வாழ்வைக் காட்டுதல் நாவலாசிரியனின் வழி. தடயத்தினூடே தேடவைத்தல் கள ஆய்வாளனின் வழி. இரண்டும் இங்கு இணைகின்றன. கொவிட் நோயினால் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களில் அது வெளிவந்தமையும் தற்செயலாக அமைந்த பொருத்தமே.

ஆயினும் அந்தக் காட்டின் மையத்தில் நிற்பவர் யாவர்? விலங்கும், அதை ஆராய வந்த விஞ்ஞானியும், தொலைபேசி ஏந்திய ஆட்டக்காரருமே. இதனை இவ்வொரு விளையாட்டின் குறையாக மாத்திரம் கொள்ளுதல் நியாயமன்று. வனவிலங்கு பற்றிய மேனாட்டுத் திரைப்படங்கள் பலவும் இவ்வாறே காட்டை மனிதர் வாழாத இடமாகக் கட்டமைத்தன. தமிழ்ப் பொருளிலக்கண மரபு இதற்கு மாறானது. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்கையில் விலங்கையும் மரத்தையும் பறவையையும் கூறும் அதே வரிசையிலே உணவையும் தொழிலையும் பறையையும் வைக்கின்றது. குறிஞ்சியின் யானை தினைப்புனத்தோடு வருவது. புனத்தோடு பரணும், பரணோடு காவலும் வரும். அங்கு காவலிருப்பவரை நீக்கிவிட்டு யானையை மாத்திரம் காட்டுதல் இயலாது.

இனி, தகவலுக்கும் கதைக்கும் உள்ள உறவினை நோக்கலாம். தடந்தொடர்ந்து பெறும் தகவலின் பெரும்பகுதி சலிப்பூட்டுவது. விலங்கு நிற்கின்றது, உண்கின்றது, உறங்குகின்றது. கமராவின் முன் பெரும்பாலும் புல்லே அசைகின்றது. தன்சானியாவின் செரங்கெற்றியில் 225 கமராக்களை நிறுத்தி, கிடைத்த படங்களைப் பொதுமக்களைக் கொண்டே இனங்காண வைத்த ‘ஸ்னப்ஷொட் செரங்கெற்றி’ என்னும் திட்டம் இதற்கு நல்லதோர் உதாரணம். 2015இல் வெளியிடப்பட்ட விபரப்படி, 12 இலட்சம் படத்தொகுதிகளுள் 322,653இலேயே விலங்குகள் இருந்தன. ஏறத்தாழ நான்கில் மூன்று வெறுமை. வெறும் படங்களை அகற்றிவிட்டால் ஆர்வம் கூடும் என்றே எவரும் எண்ணுவர். ஆயின் அதே ஆண்டில் அத்திட்டத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஆய்வு நேர்மாறான முடிவினைக் கூறிற்று: வெறும் படங்களை அதிகமாகக் கண்டவரே கூடுதலான நேரம் தொடர்ந்து பங்குபற்றினர். வாசகனை ஒவ்வொரு பக்கத்திலும் கிளர்ச்சியூட்டியே தக்கவைக்கலாம் என நம்பும் வணிகப் பத்திரிகை ஆசிரியர்கள் இதனை ஒருமுறை படிப்பது நன்று. ‘அன்சீன் எம்பயர்’ இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. தென்கிழக்காசியக் காடுகளில் மேகச் சிறுத்தை பற்றிய ஆய்வுக்கெனப் பல ஆண்டுகளாகத் திரட்டப்பட்ட மெய்யான கமராப் படங்களையே அது ஆடுபவர் முன் வைக்கின்றது. அழகூட்டப்பட்ட சித்திரத்திலும் பார்க்க, மங்கலான ஓர் இரவுப் படத்தில் தெரியும் அரைமுதுகு கூடுதலான நம்பிக்கையைத் தருகின்றது.

தகவலைப் பகிரங்கப்படுத்துவதில் ஆபத்தும் உண்டு. 2013இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் கழுத்துப் பட்டி பூட்டப்பட்ட புலியொன்றின் இருப்பிடத் தகவல் வந்துசேரும் மின்னஞ்சற் கணக்கினுள், பூனே நகரிலிருந்து எவரோ நுழைய முயன்றமை செய்தியாயிற்று. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவிலே படம்பிடிப்போர் றேடியோ வாங்கிகளைக் கொண்டு விலங்குகளைத் துரத்தியமையால் அவற்றின் பாவனை தடைசெய்யப்பட்டது. ஆகவே விளையாட்டுக்குள் வரும் தடம் பழைய தடமாகவே இருத்தல் வேண்டும். அப்பொழுதுக்கப்பொழுது விலங்கு நிற்கும் இடத்தைக் காட்டும் விளையாட்டு, நல்ல நோக்குடன் ஆக்கப்பட்டதாயினும் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியே.

இவற்றிலும் முக்கியமான பிரச்சினை வேறொன்று. தகவல் கதைக்கு இசைந்துவராதபோது ஆக்குவோர் எதனைக் கைவிடுவர்? 2004 டிசம்பர் 26இல் கடற்கோள் இலங்கையின் கரைகளைத் தாக்கியபின், யால வனத்து யானைகள் முன்னுணர்வினால் உள்நாட்டுக்கு ஓடித் தப்பின என்னும் கதை உலகெங்கும் பரவிற்று. அக்கதையில் எவருக்கும் ஒரு கவர்ச்சி உண்டு. ஆயின் அவ்வேளை அங்கு இரு யானைகள் செய்மதிக் கழுத்துப் பட்டியுடன் உலாவின. அவற்றின் நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்து விக்கிரமநாயக்க, பெர்னாண்டோ, லைம்குறூபர் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரை, அவை முன்னறிந்து ஓடியமைக்குச் சான்றில்லை என்றது. கதை இன்றும் வாழ்கின்றது; கட்டுரையை அறிந்தோர் மிகச் சிலர். விளையாட்டாக்குவோர் ஒருவரிடம் யால யானையைக் கொடுத்தால் அவர் எதனைத் தெரிவார் என்பதை ஊகித்தல் கடினமன்று.

அக்கவர்ச்சிக்கு அவசியமுமில்லை. தகவலினுள்ளேயே அதனினும் வலிய கதை கிடக்கின்றது. பயிரழிக்கும் ஆண் யானைகளைப் பிடித்து வேற்று வனங்களில் விடும் வழக்கம் இலங்கையில் நெடுநாளாக உள்ளது. அவ்வாறு இடம்மாற்றப்பட்ட 12 யானைகளுக்குக் கழுத்துப் பட்டி பூட்டித் தொடர்ந்தறிந்த பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் பிறரும் 2012இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சில யானைகள் பிடிபட்ட இடத்துக்கே திரும்பி நடந்தன. சில எங்கும் நிலைகொள்ளாது அலைந்தன. சில விட்ட இடத்திலே தங்கின. இடமாற்றத்தினால் மனித–யானை மோதல் குறையவில்லை. அது பரவியது, கூர்மையடைந்தது, யானைகளின் இறப்பும் கூடிற்று. 2021இல் வெளியான நாடளாவிய ஆய்வு இதன் காரணத்தை எண்ணிற் காட்டுகின்றது. தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் யானைகள் உள்ளன. அப்பரப்பின் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மக்களும் குடியிருக்கின்றனர். யானையை ‘அதன் இடத்தில்’ கொண்டுபோய் விடுதல் என்பதற்கு இங்கு பொருள் தேடுவது எளிதன்று.

இத்தரவுகளைக் கொண்டு ஒரு விளையாட்டு ஆக்கப்படுமாயின், அதில் ஆடுபவர் முதலில் தன் சேனைப் பயிரைக் காவல்காக்கும் விவசாயியாக இருத்தல் வேண்டும். இரவில் வந்த யானையை அகற்றுமாறு அதிகாரிகளுக்கு விண்ணப்பிப்பவரும் அவரே. யானை லொறியில் ஏற்றப்பட்டபின் அவர் அந்த யானையாக மாறல் வேண்டும். அறியாத வனமொன்றில் இறக்கப்பட்டு, மின்வேலிகளுக்கும் பெருந்தெருக்களுக்கும் ஊடாக, உண்மையில் ஒரு விலங்கு நடந்த அதே தடத்தில், அதே நாட்கணக்கில் நடக்கவேண்டும். எத்திசை செல்வதென்பதை அவர் தெரிய இயலாது. தடம் முன்னரே பதிவாகிவிட்டது. வழியில் அவர் மிதிக்கும் சேனைகளிலும் ஒவ்வொரு பரண் இருக்கும். அதன்மேல் ஒருவர் விழித்திருப்பார்.