பாடும் செவிக்கவசம்

இரைச்சலை அடைக்கும் கவசத்துக்குள்ளேயே பாட்டையும் வைத்தால் அது காதுக்குக் காவலா, கேடா? அமெரிக்காவின் 3எம் நிறுவனம் விற்கும் ஒர்க்டியூன்ஸ் கனெக்ட் என்னும் செவிக்கவசத்தைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

அதன் இரைச்சல் குறைப்பு எண் 24 டெசிபெல். வேலைத்தலத்தில் அது முழுமையாகக் கிடைப்பதில்லை. 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்கிக் கொள்வது அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறையின் வழக்கம். ஆக, காப்பது 8.5 டெசிபெல். 90 டெசிபெலில் இரையும் புல்வெட்டி இயந்திரம் காதில் 81.5 ஆக விழும். பாட்டின் உச்ச வரம்பு 82. இரண்டும் சேர்ந்தால்? 163.5 என்று கூட்டிவிடாதீர்கள்! டெசிபெல் மடக்கை அளவு. ஏறத்தாழச் சமமான இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். 85-ஐ ஒட்டி நிற்கும்.

அற்பம் என்று தோன்றுகிறதா? 3 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு இரட்டிக்கிறது. அமெரிக்கத் தேசியத் தொழிற் பாதுகாப்பு, நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கில், 85 டெசிபெலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே எல்லை. 82-க்கு 16 மணி. பாட்டு அந்த நேரத்தைப் பாதியாக்கிவிடுகிறது. 82 என்பது பாட்டுக்கு இட்ட வரம்பே தவிர, காதில் விழும் மொத்தத்துக்கு அல்ல.

ஆயினும் இக்கருவியை நான் ஒதுக்கமாட்டேன். சலித்துப்போய்க் கவசத்தைக் கழற்றுவதே பெருங்கேடு. 8 மணி நேர வேலையில் அரை மணி கழற்றி வைத்தால், எத்தனை உயர்ந்த கவசமும் சராசரியாக 12 டெசிபெலுக்கு மேல் காக்காது. பாட்டு அதைத் தலையிலேயே நிறுத்திவைக்கிறது! தனியே புல் வெட்டுபவர் தாராளமாக வாங்கலாம், ஒலியைத் தாழ்த்திக்கொள்ளட்டும். லாரிகள் பின்னோக்கி நகரும் இடத்தில் வேண்டாம். எச்சரிக்கை ஒலியைப் பாட்டு விழுங்கிவிடும். மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு ஒரு சொல்: கண்ணாடிக் காம்பு விடும் இடுக்கு வழியே இரைச்சல் கசியும்.