காகம், பனம்பழம், டைமிங் பெல்ட்: பிர்சிக்கின் மெக்கானிக்குகள் பற்றி ஒரு குறிப்பு

ராபர்ட் பிர்சிக்கின் 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' (1974) புத்தகத்தை இதுவரை மூணு தடவை வாசிச்சிருக்கேன். அதில் ஒரு மெக்கானிக் கடை வரும். முதல் ரெண்டு வாசிப்பிலும் அந்தக் காட்சியை அப்படியே நம்பினேன். மூணாவது வாசிப்பு குளச்சலில், ஒரு குட்டி யானையின் ஊளைச் சத்தத்துக்குக் காரணம் தேடிக்கிட்டிருந்த வாரத்தில் நடந்தது. அப்போ அந்தக் காட்சியை நம்ப முடியல. ஏன்னு எழுதி வைக்கிறேன்.

காட்சி இதுதான். கதைசொல்லியின் பைக் என்ஜின் சீஸ் ஆகுது. கடையில் விடுறார். அங்கே ரேடியோ அலறுது, வேலை செய்ற பையன்கள் சிரிச்சுப் பேசிக்கிட்டே கழட்டுறாங்க. திரும்பத் திரும்ப வேலை நடக்குது, கோளாறு போகல, கூடுதலா சேதமும் ஆகுது. கடைசியில் அவரே கண்டுபிடிக்கிறார்: ஆயில் போற வழியில் 25 சென்ட் பெறாத ஒரு சின்ன பின் அறுந்திருக்கு. வேகமா ஓட்டும்போது ஹெட்டுக்கு ஆயில் ஏறல. அவர் தீர்ப்பு: அவங்க வேலையில் ஒட்டாத வேடிக்கை பார்க்கிற ஆட்கள். கூடவே, மேனுவல் எழுதுறவங்களும் அப்படித்தான்னு ஒரு போடு போடுறார்.

கச்சிதமான காட்சி. அந்தக் கச்சிதத்தில்தான் எனக்கு இப்போ சந்தேகம்.

வண்டி

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. குளச்சல் துறைமுகத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வலை பின்னுவாங்க, படகுக்குப் பெயிண்ட் அடிப்பாங்க. மீன் ஏத்துற வண்டிக்காரங்களும் வண்டி வேலையை இந்த மாசங்களுக்குத்தான் ஒதுக்கி வைப்பாங்க. என் மச்சானும் அப்படித்தான் போன தடைக்காலத்தில் டைமிங் பெல்ட்டை மாத்தினார். கூடவே புது ஐட்லரும் போட்டாச்சு.

வண்டியை எடுத்த அன்னிக்கே 'கீய்ங்'னு ஒரு ஊளை. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா சுருதி ஏறுது, விட்டா இறங்குது. பழைய பெல்ட்டில் இது கிடையாது.

வேலை செஞ்ச மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "புது பெல்ட்டுல்லா தம்பி, ரெண்டு நாள் ஓடினா சரியாயிடும்." பக்கத்துக் கடைக்காரர் ஆல்டர்னேட்டர் பேரிங்னார். துறைமுகத்தில் இன்னொரு டிரைவர் கியர்பாக்ஸ்னு அடிச்சுச் சொன்னார். மச்சானுக்கு ஒரே கவலை: "கதை வேண்டாம் மச்சான். ஆகஸ்ட்ல வண்டி ஓடணும்."

அந்தக் கவலை சின்னது இல்ல. நடுராத்திரி ஐஸ் பெட்டிகளோட கருங்கல், மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை வழியா கேரளாவுக்குள்ள போற வண்டி அது. டீசல் என்ஜினில் டைமிங் பெல்ட் அறுந்தா பெரும்பாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கும். அப்புறம் ஹெட்டைக் கழட்டணும். மீன் அதுவரை காத்திருக்காது.

காகம் உட்கார

இப்படி நேரத்தில் நம்ம கையில் ரெண்டு பழமையான அறிவு இருக்கு, ரெண்டும் எதிரெதிர். ஒண்ணு, காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அடுத்தடுத்து நடந்ததால மட்டும் ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆகாது. இன்னொண்ணு மெக்கானிக் கடை விதி: கடைசியா எதைத் தொட்டியோ அதை முதல்ல பார்.

கடை விதி எங்கே தேடத் தொடங்கணும்னு சொல்லுது. என்ன கோளாறுன்னு சொல்லல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டா, பெல்ட் மேல பழி போட்டுட்டு ஆல்டர்னேட்டரைப் பார்க்காம விட்டுடுவோம். இல்லேன்னா தற்செயல்னு சொல்லிட்டு பெல்ட்டை விட்டுடுவோம்.

பிர்சிக் இங்கேதான் உதவினார், ஆனா கடைக் காட்சியால இல்ல. புத்தகத்தில் பின்னாடி வேற ஒரு பகுதி வரும், முன்னதைப் போல அது யார் மனசிலும் நிக்கிறதில்ல. கஷ்டமான கோளாறு வந்தா நோட்டை எடுத்து ஆறு விஷயம் எழுதுன்னு சொல்றார்: பிரச்சினை, யூகங்கள், ஒவ்வொரு யூகத்துக்கும் ஒரு சோதனை, என்ன நடக்கும்னு எதிர்பார்ப்பு, என்ன நடந்தது, முடிவு. முதல் வரியிலேயே ஒரு எச்சரிக்கை உண்டு. உனக்குத் தெரிஞ்சதுக்கு மேல ஒரு சொல் எழுதாதே. கோளாறு எலக்ட்ரிக்கல்ல இருக்குன்னு உறுதியாத் தெரியாதப்போ 'எலக்ட்ரிக்கல்ல என்ன கோளாறு'ன்னு எழுதக்கூடாது.

நான் நோட்டில் முதல்ல எழுதினது 'பெல்ட் ஏன் ஊளையிடுது?'. அதை அடிச்சுட்டு 'ஊளை எங்கிருந்து வருது?'ன்னு மாத்தினேன்.

சோதனை

1. வண்டி நின்னபடி, நியூட்ரலில் ஊளை இருக்கு. அப்போ டயரும் டிஃபரென்ஷியலும் இல்ல.

2. கிளட்சை மிதிச்சா மாற்றம் இல்ல. கியர்பாக்ஸின் இன்புட் பேரிங்கா இருந்தா மிதிச்சதும் சத்தம் மாறியிருக்கணும்.

3. ஃபேன் பெல்ட்டைக் கழட்டிட்டு, என்ஜின் சூடாகிறதுக்குள்ள கொஞ்ச நொடி மட்டும் ஓட்டினோம். ஊளை அப்படியே இருந்தது. ஆல்டர்னேட்டர் தப்பிச்சது.

4. ஆறின என்ஜினில் ஊளை மெல்லிசு, சூடானதும் பலம். இது முக்கியமான தடயம். சூட்டில் என்ஜின் உலோகம் விரியும், புல்லிகள் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும். பெல்ட்டுக்குள்ள இருக்கிற கண்ணாடி நார் அந்த அளவுக்கு நீளாது. ஆகவே பெல்ட் இன்னும் இறுகும். டென்ஷனை ஆறின என்ஜினில் வைக்கச் சொல்றது இதனாலதான்.

5. கடையில் டேக்கோமீட்டர் இருந்தது, என் போனில் அதிர்வெண் காட்டுற ஆப் இருந்தது. கணக்கு எளிமையா இருக்க, கிராங்க் புல்லியில் 20 பல்னு வச்சுக்குவோம். 900 ஆர்பிஎம்னா நொடிக்கு 15 சுற்று, அதாவது நொடிக்கு 300 தடவை பல் கடிக்கும், 300 ஹெர்ட்ஸ். 1800-ல் 600. ஊளை இந்த எண்ணிலோ இதன் மடங்கிலோ நின்னா அது பெல்ட் பல் புல்லியில் கடிக்கிற சத்தம். பேரிங் தேய்மானத்தின் சத்தம் பொதுவா இப்படி முழு எண்ணுக்குப் பொருந்தாது. எங்க வண்டியில் அதோட பல் கணக்குக்குப் பொருந்திச்சு.

இப்போதான் 'பெல்ட்'னு எழுதுற உரிமை வந்தது. அப்பவும் இறுக்கமா, புல்லி கோணலான்னு மிச்சம் இருந்தது. சூடானா ஊளை கூடுறது இறுக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லுது.

இறுக்கத்தைப் பார்க்க கடைகளில் ஒரு கைவழக்கு உண்டு. பெல்ட்டின் நீளமான பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் முறுக்கணும், கால் சுற்று, அதாவது 90 பாகை திரும்பினா சரி. ஆனா பெல்ட்டின் அகலம், தடிமன், விரல் பலம் எல்லாம் மாறும்போது இந்தக் கால் சுற்றும் மாறிடும். இன்னொரு வழி, வீணைத் தந்தியைப் போலப் பெல்ட்டைச் சுண்டி அதிர்வெண்ணை அளக்கிறது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுருதி 10 சதவீதம் ஏறினா இழுவிசை 21 சதவீதம் ஏறியிருக்கும். சுருதி ரெண்டு மடங்குன்னா இழுவிசை நாலு மடங்கு.

ஆறின என்ஜினில் டென்ஷனரைத் தளர்த்தி, மேனுவல் சொன்னபடி திரும்ப வச்சு, கிராங்கைக் கையால ரெண்டு சுற்று சுத்தி, குறிகள் நேரா நிக்குதான்னு பார்த்துட்டு ஸ்டார்ட் பண்ணோம். ஊளை இல்ல. ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கின பிறகும் இல்ல.

சத்தம் போகணும்னு காதாலயே தளர்த்திக்கிட்டே போறது இதைவிட ஆபத்து. தளர்ந்த பெல்ட் பல் தாவும். அமைதியா இருக்கிறதெல்லாம் ஆரோக்கியம் இல்ல.

ரேடியோ

இனி பிர்சிக்கிடம் திரும்புறேன். குளச்சல் கடையிலும் பாட்டு ஓடிக்கிட்டேதான் இருந்தது. ஆனா வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் மெக்கானிக் அண்ணன் முதல்ல செஞ்ச காரியம் பாட்டை நிறுத்தினது. நீள ஸ்க்ரூடிரைவரை என்ஜின் மேல வச்சு, கைப்பிடியைக் காதில் ஒட்டி, கண்ணை மூடிக் கேட்டார். அவரை வேடிக்கை பார்க்கிற ஆள்னு யாரும் சொல்ல முடியாது. அப்படிக் கேட்டும் அவர் முடிவு தப்பாத்தான் போச்சு.

ஏன் இவ்வளவு இறுக்கினீங்கன்னு கேட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, கேட்கும்போதே எனக்குள்ள ஒரு குற்றச்சாட்டு தயாரா இருந்தது, பிர்சிக் எனக்குச் சொல்லிக்கொடுத்த குற்றச்சாட்டு. அவர் சொன்னார்: "முன்னால ஒரு வண்டியில பெல்ட் பல் தாவிட்டு தம்பி. ஹெட்டு வேலைக்கு என் கைக்காசு போச்சு. அதுக்கப்புறம் லூசா விட மனசு வராது."

அதாவது இந்தத் தப்பு அக்கறை இல்லாததால வரல. அக்கறையாலதான் வந்தது. ஒரு பழைய நஷ்டம் அவர் கையில் பயமா தங்கி, அந்தப் பயம் ஒவ்வொரு டென்ஷனர் போல்ட்டிலும் கால் திருகு கூடுதலா இறங்குது. ஐட்லர் பேரிங்குக்கு அந்தக் கால் திருகு சுமை, ஆயுசு குறையும். எதுக்குப் பயந்தாரோ அதுவே வேற வாசல் வழியா வரும்.

பிர்சிக்கின் கடைக் காட்சியில் இதுக்கு இடமே இல்ல. அங்கே கவனம்னா நல்ல மெக்கானிக், கவனக்குறைவுன்னா கெட்ட மெக்கானிக். அதை எப்படித் தெரிஞ்சுக்கிறார்? முகத்தைப் பார்த்து, ரேடியோவைக் கேட்டு. பின் அறுந்தது பிறகு தெரிஞ்சதும், அந்த ரேடியோ சாட்சியா மாறிடுது. தன் நோட்டு முறையை அந்தப் பையன்கள் விஷயத்தில் அவரே கடைப்பிடிக்கல. 'இவங்க ஏன் கண்டுபிடிக்கல?'ன்னு எழுதியிருக்கணும். அவர் எழுதினது 'இவங்களுக்கு ஏன் அக்கறை இல்ல?'. தெரிஞ்சதுக்கு மேல ஒரு சொல்.

புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லல. நோட்டு முறை வர்ற பகுதிக்காகவே நாலாவது தடவையும் வாசிப்பேன். ஆனா கடைக் காட்சியை இனி ஒரு எச்சரிக்கையோடதான் வாசிக்க முடியும். அக்கறை ஒருத்தரைக் காது கொடுக்க வைக்கும். கேட்டது சரியான்னு சொல்ல ஒரு சோதனை வேணும், தன் யூகம் தோற்கக்கூடிய ஒரு சோதனை.

ஆகஸ்ட்ல வண்டி ஓட ஆரம்பிச்சது. மெக்கானிக் அண்ணன் இப்போ பெல்ட் போட்டதும் ஒரு தடவை சுண்டிப் பார்க்கிறார்னு மச்சான் சொன்னார். பாட்டும் வழக்கம்போல ஓடிக்கிட்டிருக்காம்.